மனையைப் பார்க்கக் கார்த்திகையில் போங்கள்!

கேள்வி: “சென்னையில் வேலை பார்க்கும் மகனுக்காக, ஊரில் உள்ள ஒரு ஏக்கர் நஞ்சையை விற்று, பள்ளிக்கரணை பக்கம் வீட்டுமனை வாங்க நினைக்கிறோம். அங்கே வெள்ளம் வரும் என்கிறார்கள். எப்படித் தெரிந்துகொள்வது?”
- வாசகர், செய்யாறு.

பதில்: ஏரி நிறைந்தால் கலங்கல் வழியாகத் தண்ணீர் அடுத்த ஏரிக்குப் போகும். விவசாயிக்குத் தெரிந்த இந்தக் கணக்குதான் தென்சென்னைக்கும். கீழ்க்கட்டளை, நாராயணபுரம் போன்ற பல ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் சேர்கிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், முட்டுக்காடு முகத்துவாரத்தில் கடலில் கலக்கிறது.

பெருமழை நீரைத் தாங்கி, மெல்ல வெளியேற்றுவதுதான் சதுப்பு நிலத்தின் வேலை. அதன் பெரும்பகுதி குப்பைமேடாகவும் கட்டடங்களாகவும் மாறிவிட்டது. மிஞ்சிய பகுதி 2022-ம் ஆண்டு ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. புயல் நேரத்தில் கடல்மட்டம் உயர்ந்தால், முகத்துவாரத்தில் நீர் வடியத் தாமதமாகும். அந்தத் தண்ணீர் குடியிருப்புகளில் தேங்கும். 2015 டிசம்பர் மழையிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் இதைப் பார்த்தோம்.

எனவே, முன்பணம் கொடுக்கும் முன் இவற்றைக் கவனியுங்கள்.

* தாலுகா அலுவலகத்தில் ‘அ’ பதிவேடு, புல வரைபடம், கிராம வரைபடம் மூன்றையும் பாருங்கள். அடுத்தடுத்த சர்வே எண்களில் ஏரி, ஓடை, வாய்க்கால் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கீகாரம் பெற்ற மனை என்பதாலேயே தண்ணீர் நிற்காது என்று அர்த்தமில்லை.

* சுற்றிலும் சம்பும் கோரையும் வளர்ந்திருந்தால் அது தண்ணீர் நிற்கும் இடம். மேலே சவுடு மண் கொட்டியிருந்தால், நான்கடி தோண்டச் சொல்லுங்கள். அடியில் சாம்பல் நிறக் களி வந்தால் யோசியுங்கள்.

* புரோக்கரைக் கேட்காமல், அதே தெருவில் பத்து, பதினைந்து வருடமாகக் குடியிருப்பவர்களைக் கேளுங்கள். எவ்வளவு உயரம் வந்தது, எத்தனை நாள் நின்றது என்ற இரண்டும் தெரிய வேண்டும்.

* மனையை மட்டும் உயர்த்திக்கொண்டால் போதாது. தெரு தாழ்வாக இருந்தால் வீடு தீவாகிவிடும். அவசரத்துக்கு ஆஸ்பத்திரி போகவும் வழியிருக்காது.

கோடையில் எல்லா மனையும் மேட்டு நிலமாகத்தான் தெரியும். கார்த்திகையில் பெருமழை பெய்த மறுநாள், மகனையும் அழைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். அதுவரை நஞ்சை உங்கள் கையிலேயே இருக்கட்டும். இன்னொரு போகம் விளையும்.