பால்மரத்தில் படர்ந்த தேமல்



பால்மரத்தின் பட்டையில் வெள்ளையும் சாம்பலும் இளம்பச்சையுமாகத் தேமல் போலப் படர்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். "மரத்துக்குச் சொறி பிடித்துவிட்டது, பாலை உறிஞ்சுகிறது" என்று கத்தியால் சுரண்டுவோரும் உண்டு. வேண்டாம்! சுரண்டினால் பட்டைக்குத்தான் காயம்; பால் கூடாது.

அது நோயன்று. லைக்கன் என்பது அதன் பெயர். ஒரு காளானும் ஒரு நுண்பாசியும் சேர்ந்து நடத்தும் கூட்டுக்குடித்தனம் அது. பாசி வெயிலைக் கொண்டு உணவு சமைக்கும். காளான் வீடு கட்டிக்கொடுக்கும். மரத்திடம் கேட்பது ஒட்டிக்கொள்ள இடம் மட்டுமே. கறி மசாலாவில் சேர்க்கும் கல்பாசியும் இந்த இனந்தான். பக்கத்திலேயே பச்சை வெல்வெட்டுப் போல வளர்வது வேறு, அது மெத்தைப் பாசி.

சரி, ஒரு மரத்தில் பல வகை, இன்னொன்றில் சில வகை. ஏன்?

முதலாவது வெளிச்சம். நம் நாட்டுக் காடு என்றும் பசுமையானது. ஆனால் 1877-இல் மலாயாவுக்கு வந்த பால்மரமோ, ஆண்டின் தொடக்க மாதங்களில் இலை உதிர்த்து மொட்டையாகிவிடும். பால் குறைந்து, சம்பளமும் குறையும் அந்த மாதங்களை நாம் மறப்போமா? அப்போது அடிமரம் வரை வெயில் இறங்கும். வெயில் விரும்பும் லைக்கனுக்கு அது நல்ல காலம்.

இரண்டாவது ஈரம். மெத்தைப் பாசிக்கு உண்மையான வேர் கிடையாது. உடம்பாலேயே நீர் குடிக்கும். ஆகவே ஓடையோரத்திலும் நிழல் பக்கத்திலும் அதைக் காணலாம்.

மூன்றாவது பட்டை. வழவழப்பான பட்டையில் ஒருவகை லைக்கன் ஒட்டும். வெடித்த பட்டையில் ஈரம் தங்கி வேறு வகை வளரும். ஓயாமல் சீவப்படும் வெட்டுப்பட்டையில் எதுவும் நிலைக்காது.

நான்காவது வயது. மரம் முதிர முதிர வகைகள் கூடும். மறுநடவுக்கு மரத்தைச் சாய்த்தால் எல்லாம் மறுபடி முதலிலிருந்துதான்.

கடைசியாகக் காற்று. லைக்கனுக்கும் வேரில்லை, காற்றிலும் மழையிலும் வருவதை அப்படியே ஏற்கும். கந்தகப் புகை பட்டால் பல வகைகள் மடியும். பாரிஸ் நகரில் இதைக் கண்டு 1866-இல் எழுதியவர் நைலாண்டர் என்னும் அறிஞர்.

2005 ஆகஸ்டில் புகைமூட்டம் முற்றி, கிள்ளான் துறைமுகத்தில் அவசரநிலை அறிவித்தார்களே, நினைவிருக்கிறதா? அன்று நம் பிள்ளைகள் சுவாசித்த காற்றைத்தான் மரங்களும் வாங்கின. கண்ணுக்குத் தெரியும் புகைக்கு எச்சரிக்கை வரும். தெரியாத புகைக்கு?

அடுத்த முறை பிரிக்பீல்ட்ஸ் போகும்போது சாலையோர மரம் ஒன்றைப் பாருங்கள். அதே இனத்தில், அதே பருமனில் ஒரு மரத்தைச் சாலைக்கு எட்டிய இடத்திலும் பாருங்கள். எவ்வளவு படர்ந்திருக்கிறது என்பதைவிட எத்தனை வகை என்று பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். புகையைத் தாங்கும் ஒன்றிரண்டு வகை எங்கும் படரும். ஒரு மரத்தை வைத்து முடிவு கட்டாமல் பத்து மரம் பாருங்கள்.

காசு செலவில்லாத பாடம் இது. அடுத்த இதழில் சந்திப்போம்.