பரம்பரை நோயும் அறிவின் கடனும்

உடல் நோயுற்றாரைக் கண்டு இரங்கும் உலகம், மூளை நோயுற்றாரைக் கண்டு அஞ்சி விலகுகின்றது. காலிலே புண் உடையானை அயலார் நலம் உசாவுவர். அறிவு தடுமாறினானையோ அவன் சுற்றத்தாரே அறையில் மறைத்து வைப்பர். நெடுங்காலமாக நிலவிவரும் இவ்வேறுபாட்டைப் போக்குதற்குப் பரம்பரையியல் ஆராய்ச்சி பெருந்துணை புரிகின்றது என்பதும், அவ்வாராய்ச்சி தான் பட்ட கடனை இன்னும் தீர்த்திலது என்பதும் ஈண்டு யாம் கூற விழையும் கருத்துக்களாம்.

சான்றாக ஹன்ரிங்ரன் நோயை எடுத்துக்கொள்வோம். 1872 ஆம் ஆண்டில் ஜோர்ஜ் ஹன்ரிங்ரன் என்னும் அமெரிக்க வைத்தியர் தமது 22 ஆவது வயதில் இதனைத் தெளிவுற விவரித்தார். அவர்தம் பாட்டனாரும் தந்தையாரும் லோங் ஐலண்ட் என்னுமிடத்தில் வைத்தியர்களாய் விளங்கியவர்கள். மூன்று தலைமுறையினர் ஒரே குடும்பங்களைக் கவனித்து வந்தமையாலேயே, நோய் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு இறங்கும் முறை புலனாயிற்று. பெரும்பாலும் 30 வயதுக்கும் 50 வயதுக்கும் இடையே தோன்றும் இந்நோய், கைகால்களைத் தன்வயமின்றி ஆடச் செய்யும். நினைவையும் குணத்தையும் சிதைக்கும். 15 அல்லது 20 ஆண்டுகளில் உயிரையும் கவரும். நோயாளரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் இது வருதற்கும் வாராமைக்கும் வாய்ப்பு ஒத்த அளவினது. நோய் வெளிப்படுமுன்னரே பலர் மணந்து மக்களையும் பெற்றுவிடுகின்றனர் என்பதே இதன் பெருங்கொடுமை.

வெனிசுவேலா நாட்டு மரகைபோ ஏரிக்கரையிலுள்ள வறிய மீனவர் ஊர்களில் இந்நோய் வேறெங்கும் காணாத அளவு மிகுந்திருந்தது. 1979 முதல் ஆண்டுதோறும் அங்குச் சென்ற ஆராய்ச்சிக் குழுவை நடத்தியவர் நான்சி வெக்ஸ்லர் என்னும் அம்மையார். அவர்தம் அன்னையார் 1978 இல் இந்நோயால் இறந்தவர்; ஆகவே அம்மையாரும் அதே ஐயத்தின் நிழலில் வாழ்ந்தவர். தோலிற் சிறு துண்டு கொடுக்க ஊரார் தயங்கியபோது, தம் கையில் அவ்வாறு வெட்டியெடுத்த வடுவை அவர்களுக்குக் காட்டச் செய்தார். ஊரார் மனம் இசைந்தனர். நாளடைவில் 4,000 க்கு மேற்பட்ட குருதி மாதிரிகளும், 18,000 பேரை உள்ளடக்கிய வமிசாவளியும் திரட்டப்பட்டன.

அதன் பயனாக, நோய்க்குக் காரணமான பரம்பரையலகு 4 ஆம் நிறமூர்த்தத்தில் உள்ளது என்பது 1983 இல் தெரியவந்தது. 1993 இல் அவ்வலகே கண்டுபிடிக்கப்பட்டது. மூன்று இரசாயன எழுத்துக்களால் ஆகிய ஒரு சொல் அதிலே திரும்பத் திரும்ப வருகின்றது. 35 முறைவரை வரின் நோய் உண்டாவதில்லை. 36 முதல் 39 முறை வரின் உண்டாகவுங் கூடும், உண்டாகாதிருக்கவுங் கூடும். 40 முறையோ அதற்கு மேலோ வரின், நெடிது வாழ்வார்க்கு நோய் வந்தே தீரும். ஏடு பெயர்த்தெழுதுவோன் கை தவறி ஒரு சொல்லையே அடுக்கிக்கொண்டு சென்றாற் போன்ற பிழை இது. இப்பிழையால் விளையும் புரதம் மூளையின் ஆழத்திலுள்ள கலங்களை மெல்ல மெல்ல அழிக்கின்றது.

இன்றுவரை இந்நோயை முற்றாகத் தீர்க்கும் மருந்து இல்லை. ஆதலின் இவ்வறிவாற் பயன் யாது என வினவுவாரும் உளர். யாம் அக்கருத்தினை ஏற்கோம். சாபமென்றும் பேயென்றும் முன்வினையென்றும் கூறப்பட்டது வெறும் எழுத்துப்பிழையே எனத் தெளிந்தபின், நோயாளர் நாணித் தலைகுனிவதற்குக் காரணம் இல்லை. 2017 மே மாதத்தில் பல நாட்டுக் குடும்பத்தினர் வத்திக்கானில் பாப்பரசரைக் கண்டு, இனி மறைந்து வாழோம் என உலகறியச் செய்தனர். அன்றியும், காரணந் தெரியாத நோய்க்கு மருந்து தேடுதல் இருளில் அம்பெய்தலை ஒக்கும். இன்று இலக்கேனும் கண்ணுக்குத் தெரிகின்றது.

நோய் வருமா என்பதைக் குருதிப் பரிசோதனையால் முன்கூட்டியே அறியலாம். எனினும், ஐயத்துக்கு உள்ளானோருட் பெரும்பாலோர் அதனைச் செய்துகொள்வதில்லை. இதனைக் கோழைமை என இகழ்தல் தகாது. அறியும் உரிமைபோல அறியாதிருக்கும் உரிமையும் மாந்தர்க்கு உண்டு. தொழில் கொடுப்போரோ, காப்புறுதிக் கம்பனியாரோ, மணம் பேசுவோரோ அதனை வற்புறுத்துதல் அறமன்று. பல்லாண்டு தம் நிலைபற்றி வாய்திறவாதிருந்த நான்சி அம்மையார், தமக்கும் அந்நோய் உண்டென 2020 இல் தாமே வெளியிட்டார். எப்பொழுது கூறுவது என்பது அவர்க்கே உரிய தீர்ப்பாய் இருந்தது. அவ்வாறே இருத்தல் வேண்டும்.

இனிக் கடனைப்பற்றிச் சிறிது கூறுவோம். உலகெங்கும் இன்று செய்யப்படும் பரிசோதனைக்கு வழிதிறந்தது அவ்வேரிக்கரை மக்கள் ஈந்த குருதி. அவர்களோ வறுமையினின்றும் மீண்டிலர். 1999 இல் அந்நோயாளருக்கென நிறுவப்பட்ட பராமரிப்பில்லமும் பின்னர் மூடப்பட்டது. நாளை மருந்து கிட்டுமாயின், அது செல்வ நாடுகளின் வைத்தியசாலைகளோடு நின்றுவிடாது, அக்குடிசைகளையும் சென்றடைதல் வேண்டும். செய்ந்நன்றி மறத்தல் தனி மனிதர்க்கு மாத்திரமன்று, விஞ்ஞானத்துக்கும் இழுக்கே.

இவ்விழா மலரைக் கையேந்தும் மாணவருட் சிலர் நாளை வைத்தியராகவும் ஆராய்ச்சியாளராகவும் திகழ்வர். நுணுக்குக்காட்டியைத் தொடும் கை, நடுங்கும் நோயாளரின் கையையும் பற்றப் பழகுதல் வேண்டும். கல்வியின் பயன் அதுவே என்பது எமது துணிபு.