கனிவான கவனத்திற்கு ஒரு மறுமொழி

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு!" இந்தக் குரலைக் கேளாத தமிழர் எவரேனும் உண்டோ? இரயில் நிலையத்தில் கால் வைத்ததும் நம்மை வரவேற்பது அக்குரலே. வண்டி எண்ணையும், ஊர்ப் பெயரையும், நடைமேடையையும் அது இசைபோலச் சொல்லும். நாமும் செவி சாய்த்து, மூட்டையைத் தூக்கிக்கொண்டு, அது காட்டும் திசையில் நடப்போம். இவ்வளவு நம்பிக்கையோடு நாம் பணியும் குரல்கள் உலகில் மிகச் சில. ஆனால் வண்டிகள் நேரத்திற்கு ஓடாத நாளில், மழையாலும் வெள்ளத்தாலும் பாதை தடைபட்ட நாளில், அக்குரல் உண்மை பேசுகிறதா? இவ்வாண்டு மலரில் நாங்கள் எழுப்ப விரும்பும் வினா இதுவே.

எங்கள் குயிலாப்பாளையத்தின் வழியே இரயில் ஓடுவதில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலைப் பேருந்துகளே எங்கள் ஊர்தி. புதுச்சேரிக்கோ, விழுப்புரத்திற்கோ, திண்டிவனத்திற்கோ சென்றால்தான் இரயிலைக் காணலாம். ஆகவே இரயில் தாமதமானால் எங்களுக்குத் தாமதம் ஒன்றல்ல, இரண்டு. வண்டியை விட்டு இறங்கியபின் கடைசிப் பேருந்தும் போயிருக்கும்.

ஒரு மழைக்காலத்தில் நாங்கள் ஐவர், ஆசிரியை ஒருவருடன், வெளியூர்ப் பேச்சுப் போட்டிக்குச் சென்று திரும்பிக்கொண்டிருந்தோம். எந்த நிலையம் என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை; குறை ஓர் ஊருக்கு மட்டும் உரியதன்று. மாலை நான்கு மணிக்கு வர வேண்டிய வண்டி அரை மணி நேரம் தாமதம் என்று ஒலிபெருக்கி சொன்னது. நாலரைக்கு மீண்டும் அரை மணி என்றது. ஐந்துக்கும் அரை மணி. ஆறுக்கும் அரை மணி. எங்கள் பக்கத்து இருக்கையில் மரக்காணம் பக்கத்து அம்மா ஒருவர் அமர்ந்திருந்தார். மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை இராது. அதனால் வெளியூரில் கூலி வேலைக்குப் போயிருந்தவர், மகனுக்குக் காய்ச்சல் என்று செய்தி வந்து, வீடு திரும்பிக்கொண்டிருந்தார். ஒவ்வோர் அறிவிப்பின்போதும் எழுந்து நின்றார், பின் அமர்ந்தார்.

ஏழு மணிக்குத் தேநீர் விற்க வந்த அண்ணன்தான் முதன்முதலில் மெய் சொன்னார். "எதுக்குக்கா காத்துக்கிட்டு இருக்கீங்க? அங்க பாலத்து மேல தண்ணி ஓடுது. வண்டி இன்னிக்கு வராது" என்றார். எட்டு மணிக்கு மேல்தான் ஒலிபெருக்கி வண்டி இரத்து என்று சொல்லி, அசௌகரியத்திற்கு வருந்தியது. அதற்குள் வெளியே நின்ற பேருந்துகளெல்லாம் போய்விட்டன. அந்த அம்மாவும் நாங்களும் இரவைப் பெண்கள் காத்திருக்கும் அறையில் கழித்தோம். அவர் யாரையும் திட்டவில்லை. "வராதுன்னு சொல்லியிருந்தா, நாலு மணிக்கே பஸ் ஏறியிருப்பேனேம்மா" என்று மட்டும் சொன்னார். விடியற்காலைப் பேருந்தில் ஏறும்வரை அதையே இரண்டு மூன்று முறை சொன்னார்.

அச்சொல்லே இக்கட்டுரைக்கு வித்து. வண்டி வராதது எவர் குற்றமும் அன்று. மழையை யார் தடுக்க இயலும்? வண்டியை நிறுத்தியதையும் நாங்கள் குறை கூறவில்லை. அதைப் போற்றவே கடமைப்பட்டுள்ளோம். 1956 நவம்பர் 23ஆம் நாள் அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளத்தில் பாலம் இடிந்து, தூத்துக்குடி விரைவு வண்டி கவிழ்ந்து, நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி அதற்குப் பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அந்தத் துயரை அறிந்தவர் எவரும் வெள்ளத்தில் வண்டியை ஓட்டு என்று சொல்லார். 2023 டிசம்பர் 17 இரவு, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவு வண்டி ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. அப்பால் இருப்புப்பாதையின் அடிமண்ணையும் கல்லையும் வெள்ளம் அரித்துப் போயிருந்தது. சுமார் 800 பயணிகள் இரண்டு நாள் அங்கே தவித்தனர். ஆயினும் உயிரோடு இருந்தனர். நம் மாவட்டத்திலேயே 2024 டிசம்பர் 2ஆம் நாள், விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்திற்கும் இடையே உள்ள பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் வண்டிகள் நிறுத்தப்பட்டன; பல இரத்தாயின, பல மாற்றுப் பாதையில் சென்றன. அவையெல்லாம் சரியான முடிவுகளே. நிறுத்தியதை நிறுத்தினோம் என்று உடனே சொல்லுங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள்.

அறிவிப்பு ஏன் பொய்த்துப் போகிறது? அறிவிப்பாளர் பொய்யர் என்பதனால் அன்று. நிலையத்தில் நாம் கேட்பது பெரும்பாலும் முன்பே பதிவுசெய்த துண்டுகளைக் கணிப்பொறி கோத்துச் சொல்லும் குரல். எண், ஊர், நேரம், நடைமேடை ஆகியவை அதற்குத் தெரியும். வண்டி கடைசியாகக் கடந்த இடத்தைக் கொண்டு, இனி வழக்கமான வேகத்தில் வந்தால் எப்போது சேரும் என்று கணக்கிட்டு நேரம் சொல்கிறார்கள். வண்டி ஓடும்வரை இக்கணக்குச் சரியே. வண்டி நின்றுவிட்டாலோ, கணக்கிற்குப் பொருளே இல்லை. ஆனாலும் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. எங்களுக்கே இன்னும் தெரியவில்லை என்று எந்த நிலையத்திலும் ஒலிபெருக்கி சொல்லி நாங்கள் கேட்டதில்லை. மனிதருக்கும் அதைச் சொல்ல நா எழுவதில்லை. மேலிடத்து ஆணை வருமுன் இரத்து என்று சொல்லப் பணியாளர் அஞ்சுவதும் இயல்பே. இன்று பல ஆயிரம் எஞ்சின்களில் செயற்கைக்கோள் வழி இருப்பிடம் காட்டும் கருவிகள் பொருத்தப்பட்டுள்ளன. வண்டி எங்கே நிற்கிறது என்பது அதனால் தெரிந்துவிடும். அது ஏன் நிற்கிறது, எப்போது புறப்படும் என்பதை மனிதர்தாம் சொல்ல வேண்டும்.

பிழையான அறிவிப்பால் என்ன கெட்டுவிடும், சற்றுக் காத்திருந்தால் போகிறது என்று சிலர் எண்ணலாம். பணம் கெடும் என்பது முதல் விடை. முன்பதிவு செய்த வண்டி மூன்று மணி நேரத்திற்கு மேல் தாமதமானால், பயணம் செய்யாதவர் விதிப்படி விண்ணப்பித்து முழுக் கட்டணத்தையும் திரும்பப் பெறலாம். அரை மணி, அரை மணியாகத் தாமதத்தைத் துண்டு போட்டுச் சொன்னால், அந்த உரிமை நினைவுக்கு வருமுன் பொழுது போய்விடும்.

உயிரும் கெடலாம் என்பது இரண்டாவது விடை. தென்கொரியாவின் தேகு நகரில் 2003 பிப்ரவரி 18ஆம் நாள், சுரங்க இரயில் ஒன்றில் ஒருவன் தீ வைத்தான். எதிர்த்திசையில் வந்த மற்றொரு வண்டி எரியும் வண்டிக்கு அருகே வந்து நின்றது. சற்றுப் பொறுங்கள், விரைவில் புறப்படுவோம் என்று அவ்வண்டியின் பயணிகளுக்கு அறிவிக்கப்பட்டது. அவர்களும் பணிந்து அமர்ந்திருந்தனர். அன்று மாண்டவர் 192 பேர்; அவர்களில் பெரும்பாலோர் அந்த இரண்டாவது வண்டியில் இருந்தவர்களே. சென்னையிலும் 2017 முதல் மெட்ரோ வண்டிகள் நிலத்திற்கு அடியில் ஓடுகின்றன. சுரங்கத்தில் சன்னல் வழியே பார்த்து நிலைமையை அறிய இயலாது. அங்கே காதே கண்; அறிவிப்பே வழித்துணை.

நம் நாட்டில் 2025 பிப்ரவரி 15 இரவு, புதுடில்லி நிலையத்தில் கும்பமேளாவுக்குச் செல்லத் திரண்ட கூட்டம் நெரிந்து 18 பேர் உயிரிழந்தனர். ஒரே ஊரின் பெயர் கொண்ட இரு வண்டிகளைப் பற்றிய அறிவிப்பில் எழுந்த குழப்பம் என்று ஒரு தரப்பும், பயணி ஒருவரின் தலைச்சுமை படியில் சரிந்ததே காரணம் என்று அரசுத் தரப்பும் கூறின. காரணம் எதுவாயினும், நெருக்கடியில் ஒரு சொல்லின் எடை என்ன என்பதை அவ்விரவு நமக்கு உணர்த்திற்று.

பிழையே நேராத அறிவிப்பை நாங்கள் கேட்கவில்லை. அது தேவதூதரால் மட்டுமே இயலும். பிழையைத் திருத்திக்கொண்டே வரும் அறிவிப்பைத்தான் கேட்கிறோம். அதற்கு நம் கடற்கரையிலேயே முன்மாதிரி உண்டு. 2024 நவம்பர் இறுதியில் வந்த ஃபெஞ்சல் புயலை நம் பெற்றோர் மறந்திரார். அது புயலாகுமா, தாழ்வு மண்டலமாகவே கரை கடக்குமா என்பதில் வானிலைத் துறையின் கணிப்பு மாறியது. கரை கடக்கும் நேரமும் தள்ளிப்போய், நவம்பர் 30 இரவில்தான் புதுச்சேரி அருகே கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. மரக்காணம் உப்பளங்கள் நீரில் மூழ்கின. கணிப்பு மாறிய போதெல்லாம் வானிலைத் துறை என்ன செய்தது? இத்தனை மணி நிலவரப்படி, இந்த இடத்தில், இவ்வளவு தொலைவில், இந்த வேகத்தில் என்று மணிக்கணக்கோடு புதிய செய்தி தந்தது. முன் சொன்னது மாறிவிட்டது என்பது எல்லார்க்கும் தெரிந்தது. நம் மீனவர் அதைக் கேட்டே படகை மேட்டுக்கு இழுத்தனர்.

தவறான எச்சரிக்கையின் கேட்டையும் இக்கரை அறியும். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தது. நான்கே நாட்களில், டிசம்பர் 30 அன்று, மீண்டும் அலை வரலாம் என்ற எச்சரிக்கை பரவி, துயரம் ஆறாத மக்கள் மீண்டும் ஓடினர். அலை வரவில்லை. 2007இல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் அமைந்தபின், அளந்து பார்த்து எச்சரிக்கவும், ஆபத்து நீங்கியதும் அதை விலக்கிக்கொள்ளவும் வழி பிறந்தது. கடலுக்கு முடிந்தது இருப்புப்பாதைக்கு முடியாதா?

ஆகவே எங்கள் வேண்டுகோள் நான்கு. முதலாவது, ஒவ்வோர் அறிவிப்பிலும் அது எத்தனை மணி நிலவரம் என்பதைச் சொல்லுங்கள். இரண்டாவது, காரணத்தையும் இடத்தையும் சொல்லுங்கள். பாலத்தில் வெள்ளம் என்றறிந்த பயணி தானே முடிவு செய்துகொள்வார். மூன்றாவது, தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்லி, மறுபடி எத்தனை மணிக்குச் சொல்வீர்கள் என்பதையும் சொல்லுங்கள். நான்காவது, பலகையில் எழுதுவதோடு வாயாலும் சொல்லுங்கள். 2023 பிப்ரவரி இறுதியில் சென்னை சென்ட்ரல் நிலையத்தில் ஒலி அறிவிப்புகளை நிறுத்தி, பலகைகளே போதும் என்று பார்த்தனர். பார்வையற்றோர் என்ன செய்வர் என்ற கேள்வி எழுந்தது. சில நாட்களிலேயே குரல் திரும்பி வந்தது. எழுத்தறியாத நம் பாட்டிமாருக்கும் அக்குரலே துணை.

மக்கள் கலங்காதிருக்கவே இனிப்பாகச் சொல்கிறோம் என்பார் உண்டு. குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யும் மெய்யின் இடத்தைப் பெறும் என்று வள்ளுவரே கூறவில்லையா என்றும் கேட்பர். நன்மை விளையுமானால் என்பதே அங்கு நிபந்தனை. அரை மணி என்ற பொய்யால் அந்த உப்பளத்து அம்மாவுக்கு விளைந்த நன்மை யாது? நாலு மணிப் பேருந்தை அவரிடமிருந்து பறித்ததன்றி வேறில்லை. மெய்யான செய்தி கசந்தாலும், அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்கும் உரிமையை நம் கையில் தருகிறது. இனிப்பான பொய் அவ்வுரிமையைப் பறித்துக்கொண்டு, நம்மை இருக்கையில் உட்கார்த்தி வைக்கிறது.

தோழியரே, பிறரைச் சுட்டும் விரலை நம் பக்கமும் திருப்பிப் பார்ப்போம். மழை நாளில் நாளை விடுமுறை என்று ஆட்சியர் சொல்லாத செய்தியை வாட்ஸ்அப்பில் பரப்புவோர் நம்மிலும் உண்டல்லவா? வீட்டில் தலை வாரிக்கொண்டே, இதோ வந்துகொண்டிருக்கிறேன் என்று தோழியிடம் சொல்லாதவர் யார்? வெயிலில் அவளை நிறுத்தி வைத்த நாமும் ஓர் ஒலிபெருக்கியே. ஆம் என்பது ஆமாகவும் இல்லை என்பது இல்லையாகவும் இருக்கட்டும் என்று ஆண்டவர் மலைப்பொழிவில் கற்பித்ததைக் காலை வகுப்பில் கேட்கிறோம். அது பெரிய சத்தியங்களுக்கு மட்டும் உரியது என்று எண்ணிவிட்டோம். அரை மணி நேரத்திற்கும் அது உரியதே.

நம்மில் சிலர் நாளை நிலைய அதிகாரியாகலாம், வண்டி ஓட்டலாம், மருத்துவமனை வாயிலில் நிற்போருக்குச் செய்தி சொல்லும் செவிலியராகலாம். அன்று ஒலிபெருக்கி நம் கைக்கு வரும்போது, எதிரே எழுந்து எழுந்து நிற்கும் ஒரு தாயை நினைத்துக்கொள்வோம். அவர் கேட்பது ஆறுதல் அன்று. பேருந்து போவதற்குள் ஒரு மெய்யான சொல்.