"டிக்" என்றாலே பெட்டரி மாற்ற வேண்டுமா?



திறப்பைத் திருப்பினால் கார் ஸ்டார்ட் ஆகவில்லை, "டிக்" என்று சத்தம் மட்டும் வருகிறது. சுற்றி நிற்கும் நாலு பேரும் ஒரே தீர்ப்புத்தான் சொல்வார்கள்: "பெட்டரி போய்ட்டு, மாத்துங்க." அதுவரை யாரும் பொனட்டைக்கூடத் திறந்திருக்க மாட்டார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாற்றப்படும் பெட்டரி எல்லாம் செத்த பெட்டரி அல்ல. இதற்குக் கராஜ்காரரை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. பிழையைக் கண்டுபிடிப்பதற்குக் கூலி கொடுக்க மறுக்கும் நாமும்தான் காரணம்.

முதலில் சத்தத்தைக் கேளுங்கள். அதிலேயே பாதி விடை இருக்கிறது.

"டிக்டிக்டிக்டிக்" என்று வேகமாக அடித்தால் மின்சாரம் போதவில்லை. ஸ்டார்ட்டர் மோட்டாரோடு சொலனொய்ட் என்ற சுவிட்ச் இருக்கிறது. அது மூடியதும் மோட்டார் பெருமளவு கரண்டை இழுக்கும். வோல்ட் விழும், சுவிட்ச் விட்டுவிடும். வோல்ட் ஏறும், மறுபடி மூடும். அதுதான் அந்தச் சத்தம். பெட்டரி இறங்கியிருக்கலாம், அல்லது டெர்மினல் துருப்பிடித்து இளகியிருக்கலாம்.

"டக்" என்று ஒரே ஒரு கனமான சத்தம் வந்து நின்றால், ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு மறுபடி திருப்பிப் பாருங்கள். வெளிச்சம் அணைந்துபோகும் அளவுக்கு மங்கினால் பெட்டரிப் பக்கம் அல்லது வயர் தொடுப்பைப் பாருங்கள். வெளிச்சம் குறையாமல் நின்றால் சந்தேகம் ஸ்டார்ட்டர் பக்கம் போகிறது. சொலனொய்டுக்குள் இருக்கும் செப்புத் துண்டுகள் கருகியிருக்கலாம், மோட்டாரின் காபன் தேய்ந்திருக்கலாம். பல கார்களில் இவற்றைத் தனியாக மாற்றலாம். முழு ஸ்டார்ட்டரும் வாங்கத் தேவையில்லை.

நம் பிள்ளைகள் சாதாரண தரத்துக்குப் படிக்கும் ஓமின் விதி இங்கேதான் வேலை செய்கிறது. ஸ்டார்ட் ஆகும் நேரம் 150 அம்பியர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டெர்மினலில் படிந்த வெள்ளைப் பூஞ்சணம் 0.02 ஓம் தடை கொடுத்தாலும் அந்த இடத்திலேயே 3 வோல்ட் தொலைந்துவிடும். 12 வோல்ட் பெட்டரியில் 3 வோல்ட் போனால் மிச்சம் எதற்குக் காணும்? நம்மைப் போன்ற கரையோர ஊர்களில் உப்புக் காற்று வேறு இரும்பையும் செம்பையும் சும்மா விடுவதில்லை.

இங்கேதான் நாம் ஏமாறுகிறோம். புதுப் பெட்டரி பூட்டுபவர் டெர்மினலைச் சுரண்டி, இறுக்கிப் பூட்டுகிறார். கார் உடனே ஸ்டார்ட் ஆகிறது. "பார்த்தீங்களா, பெட்டரிதான்" என்கிறோம். உண்மையில் காரைக் கிளப்பியது அந்தச் சுரண்டலாகவும் இருக்கலாம். நல்ல பெட்டரியைப் பழையது என்று கொடுத்துவிட்டு, பல்லாயிரம் ரூபாயும் கொடுத்துவிட்டு சந்தோஷமாக வீடு வருகிறோம்.

பெட்டரி சாவதே இல்லை என்று நான் சொல்லவில்லை. நம் வெயில் அதன் ஆயுளைக் குறைக்கத்தான் செய்கிறது. ஆனால் அளந்துவிட்டு முடிவெடுங்கள். இரவு முழுக்க நிறுத்திய காரில் மல்டிமீட்டர் 12.6 வோல்ட் அளவில் காட்டினால் சார்ஜ் நிறைந்திருக்கிறது. 12க்குக் கீழே என்றால் நன்றாக இறங்கிவிட்டது. ஸ்டார்ட் அடிக்கும்போது 10க்கும் கீழே படுத்துவிட்டால் பெட்டரியைச் சந்தேகிக்கலாம். எஞ்சின் ஓடும்போது 14 அளவில் ஏற வேண்டும். ஏறாவிட்டால் ஓல்டனேட்டரைப் பாருங்கள். அதை விட்டுவிட்டுப் புதுப் பெட்டரி போட்டால், அதுவும் சில நாளில் இறங்கும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறக்கப்பட்டது. அந்த ஐந்து வருடமும் பழைய காரையே ஓட்டி வந்த குடும்பங்கள் எத்தனை! நடுச்சாமத்தில் பிரசவ வலி வந்தால் பக்கத்து வீட்டுக்காரர் தட்டுவதும் அந்தக் காரின் கதவைத்தான். அது கிளம்புவதும் கிளம்பாததும் ஒரு வீட்டுப் பிரச்சினை மட்டுமல்ல.

அதனால் நான் கேட்பது இதுதான். மெக்கானிக் காக்கா அரை மணித்தியாலம் குனிந்து பார்த்து, டெர்மினலைத் துப்புரவாக்கி, "ஒண்டும் மாத்தத் தேவையில்ல" என்று சொன்னால், "சும்மா பார்த்ததுதானே" என்று கையைக் குலுக்கிவிட்டு வராதீர்கள். அவருடைய அறிவுக்குக் கூலி கொடுங்கள். சாமான் மாற்றினால்தான் காசு என்று நாம் பழக்கினால், அவரும் சாமான் மாற்றத்தான் பார்ப்பார். அவருக்கும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். அதேபோல கராஜ்காரர்களும் அளந்து காட்டாமல் "பெட்டரிதான்" என்று சொல்லாதீர்கள்.

ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: செம்மஞ்சள் நிற வயர்களில் உயர் வோல்ட் இருக்கிறது. அதைத் தெரிந்தவரைத் தவிர யாரும் தொட வேண்டாம்.

மற்றவர்கள் நாளைக் காலை எஞ்சினை நிறுத்திவிட்டுப் பொனட்டைத் திறந்து பாருங்கள். டெர்மினலில் பூஞ்சணம் இருந்தால் முதலில் மைனஸ், பிறகு பிளஸ் என்று கழற்றி, அப்பச்சோடா கரைத்த வெந்நீரால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, பிளஸ்ஸை முதலில் பூட்டுங்கள். கண்ணையும் கையையும் கவனித்துக்கொள்ளுங்கள். செய்யும்போது மகனையும் மகளையும் பக்கத்தில் நிறுத்துங்கள். கரும்பலகையில் நான் எழுதிக் காட்டும் ஓமின் விதியைவிட அது நன்றாக மனதில் நிற்கும்.