சொம்பும் கீரைக்காரப் பாட்டியும்

நேற்று நம் குடும்பக் குழுவில் நடந்த வாக்குவாதத்துக்கு என் பதிலை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அண்ணன் பேத்தி திருச்சியில் விஷுவல் கம்யூனிகேஷன் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். விடுமுறைக்குக் கேமராவோடு வந்தாள். கல்லூரியில் இரண்டு அசைன்மென்ட். ஒன்று ஸ்டில் லைஃப், அதாவது பொருள்களை அடுக்கி வைத்துப் படம் எடுப்பது. இன்னொன்று போர்ட்ரெய்ட், ஒருவருடைய உருவப்படம். இரண்டையும் எடுத்தபின் என்ன கற்றுக்கொண்டேன் என்று இரண்டு பக்கம் எழுதவும் வேண்டும்.

முதலாவதற்கு எங்கள் வீட்டுப் பித்தளைச் சொம்பையும் இரண்டு எலுமிச்சம்பழத்தையும் எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். காலை முழுதும் அதே வேலை. சொம்பு பளபளப்பதால் அதில் அவளும் தெரிகிறாள், பின்னால் நிற்கும் நானும் தெரிகிறேன். என்னை நகரச் சொன்னாள். என் வேட்டியை மடித்து ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் வைத்தாள். வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி, இருண்டிருந்த பக்கமும் தெளிந்தது. ஸ்டாண்டில் கேமரா, ஐ.எஸ்.ஓ. 100, ஷட்டர் ஒரு வினாடி. பொருள் அசையாது என்பதால் குறைந்த வெளிச்சமே போதுமாம். "மனுஷங்கன்னா முடியாது தாத்தா, அதுக்குள்ள கண்ணைச் சிமிட்டிடுவாங்க" என்றாள். 37 வருடம் பாடம் நடத்தியவனுக்கு அன்று பாடம் நடந்தது.

இரண்டாவதற்கு, எங்கள் தெருவில் கீரை விற்கும் பாட்டியை மாடியிலிருந்து ஜூம் லென்ஸில் எடுத்திருந்தாள். கூடையைப் பார்த்துக் குனிந்த முகம், ஒவ்வொரு சுருக்கமும் தெரிந்தது. பிரமாதம் என்றேன். குழுவிலும் எல்லாரும் பாராட்டினீர்கள். அவளுக்கு மட்டும் திருப்தி இல்லை. எழுத உட்கார்ந்தபோது கேட்டாள்: "சொம்பையும் கேக்காம எடுத்தேன், பாட்டியையும் கேக்காம எடுத்தேன். அப்ப ரெண்டும் ஒரே அசைன்மென்ட்தானே?"

என்னிடம் பதில் இல்லை.

மறுநாள் கீழே போய்க் கேட்டாள். "இந்தச் சேலையிலயா? நாளைக்கு வா" என்றுவிட்டார் பாட்டி. அடுத்த நாள் தலைவாரி, திருநீறு பூசி, நல்ல சேலையில் எங்கள் திண்ணையில் வந்து உட்கார்ந்து கேமராவை நேராகப் பார்த்தார். சிரிக்கவில்லை. கை மட்டும் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

பாப்பா இந்தப் படத்தைத்தான் கொடுத்திருக்கிறாள். முதல் படம்தான் இயற்கை, இது விறைப்பாக இருக்கிறது, மார்க் போய்விடும் என்று நேற்று பலர் எழுதினீர்கள். மார்க் போனால் போகட்டும். முதல் படத்தில் நாம் பார்க்க விரும்பும் ஏழைக் கிழவி இருக்கிறார். தான் எப்படித் தெரிய வேண்டும் என்று அந்த அம்மா முடிவு செய்தது இரண்டாவது படத்தில்தான்.

நேஷனல் ஜியாக்ரஃபிக் அட்டையில் 1985 ஜூனில் வந்த பச்சைக் கண் ஆப்கன் சிறுமியைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஸ்டீவ் மெக்கரி 1984-ல் பாகிஸ்தானில் ஓர் அகதிகள் முகாமில் எடுத்த படம். உலகமெல்லாம் போன முகம். ஆனால் பெயர் ஷர்பத் குலா என்பது 2002-ல் தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. பாப்பா பாட்டியிடம் பெயர் கேட்டு, படத்தின் கீழே எழுதிக் கொடுத்திருக்கிறாள். கல்லூரிக்கு மட்டும் என்று சொல்லி எடுத்ததால் அதை இங்கே போடவில்லை. முதல் படத்தை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அழித்துவிடுங்கள்.

இவ்வளவு பேச எனக்கு வேறொரு காரணமும் உண்டு. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் ஒருவர் இலவச நோட்டுகள் கொடுத்தார். வாங்கிய 12 பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, நோட்டை நெஞ்சுக்கு நேரே பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்தோம். பிடிக்கச் சொன்னவன் நான்தான். கடைசியில் நின்ற பையன் நோட்டால் முகத்தை மறைத்தான். "கீழே இறக்குடா" என்று அதட்டினேன். இறக்கினான். அந்தப் படம் பள்ளிச் சுவரில் பல வருடம் தொங்கியது.

அவன் இதைப் படிக்கக்கூடும். ஒரு பிரதி என் பீரோவில் இருக்கிறது. கிழித்துவிடவா, உனக்கே அனுப்பவா, நீ சொல்லு தம்பி. இங்கே எழுத வேண்டாம், போனில் கூப்பிடு. ராத்திரி ஒன்பது மணிக்குள் என்றால் எடுப்பேன்.