சுவரேறாப் பல்லி

‘பல்லி சொல்லிற்று’ என்று பயணச்சீட்டைத் திருப்பித்தர வந்த அன்பர்களை நாம் சாளரத்தில் கண்டதுண்டு. பலன் சொல்லும் அவ்வீட்டுப் பல்லி, சரக்கோடு சரக்காய் எவ்வூருக்கும் சென்று குடியேறிவிடும். அவ்வாறு செல்லவியலாத உறவினம் ஒன்று ஒடிசாவின் ஜெய்ப்பூர் மலைகளில் உண்டு. (இராஜஸ்தானத்து ஜெய்ப்பூர் அன்று, பார்சல் அனுப்புவோர் கவனிக்க!)

அம்மலைகள் சென்னை மாகாணத்தில் அடங்கியிருந்த காலத்தே, வனத்துறை அதிகாரி கர்னல் பெட்டோம் 1877-இல் இதனை முதன்முதலாக விவரித்தெழுதினார். பின்னர் 130 ஆண்டுகளுக்கு மேல் இதுபற்றி ஒரு செய்தியும் இல்லை. மீண்டும் கண்ட ஆய்வாளரின் கட்டுரை 2012-இல் வெளியாயிற்று.

உள்ளங்கையில் அடங்கும் இச்சிற்றுயிருக்கு, வழுவழுப்பான சுவரைப் பற்றியேறும் அகன்ற விரற்பட்டைகள் இல்லை. காட்டுத்தரையே இதன் வீடு. பகலில் கல்லடியிலும் சருகடியிலும் ஒடுங்கிக் கிடந்து, இரவில் பூச்சிகளைத் தேடும். மரம் நின்று நிழல் தந்தாலன்றித் தரையில் சருகேது, ஈரமேது? அம்மலையுச்சிகளிலோ பாக்சைட்டு கிடைக்கிறது. சரிவுகளில் காடு கழனியாகி வருகிறது.

விசாகப்பட்டினத்திலிருந்து அரக்கு வழியே ஜெய்ப்பூர் செல்லும் இருப்புப்பாதை இம்மலைத்தொடரின் ஊடேதான் ஏறுகிறது. அவ்வழிச் செல்லும் அன்பர்கள், காட்டில் உலவும்போது குழந்தைகள் கல்லைப் புரட்டினால், அதனை முன்போலவே திருப்பி வைக்கச் சொல்லவும்.