கொசுவும் குடிகளின் சம்மதமும்

பெரியாற்று அணை எழுந்த காலத்தில், அதாவது 1887 முதல் 1895 வரை, அவ்வனத்தில் வேலைக்குச் சென்ற தொழிலாளர் பலரை மலைஜுரம் வாரிக்கொண்டு போயிற்று. அவர்கள் உயிரை விலையாகக் கொடுத்துத் திருப்பிய நீரே இன்று கம்பம் பள்ளத்தாக்கில் நெல்லாகவும் வாழையாகவும் பன்னீர்த் திராட்சையாகவும் விளைந்து நிற்கிறது. ஆகவே, கொசு அற்ப விஷயம் என்று தேனி ஜில்லாவாசிகளிடம் எவரும் சொல்லத் துணியமாட்டார். அக்கொசுவின் வம்சத்தையே மாற்றவும் அழிக்கவும் வல்லதொரு வித்தை விஞ்ஞானிகளின் கைக்கு வந்திருக்கிறது. அது நம் வாசலுக்கு வருமுன்னரே பொதுஜனங்கள் அதைப் பற்றித் தெளிந்த அபிப்பிராயம் கொள்ளவேண்டும்.

'ஜீன் டிரைவ்' என்று வழங்கும் இம்முறையின் தத்துவம் கடினமானதன்று. இயற்கையில், பெற்றோரில் ஒருவரிடமுள்ள ஒரு மரபணு மாற்றம் சந்ததியில் ஏறக்குறைய பாதிக்கே செல்லும். இம்முறையிலோ, அம்மாற்றம் தன் இணையை வெட்டி அவ்விடத்தில் தன் பிரதியைப் பதித்துக்கொள்வதால், அநேகமாக எல்லாச் சந்ததிக்கும் செல்கிறது. லண்டன் விஞ்ஞானி ஆஸ்டின் பர்ட் 2003-ல் இந்த யோசனையை வெளியிட்டார். நமது நகரங்களின் கிணறுகளிலும் நீர்த்தொட்டிகளிலும் பெருகும் அனாபிலஸ் ஸ்டெபன்சி என்னும் கொசுவிலேயே 2015-ல் கலிபோர்னியாவில் இது நிறைவேறிற்று. 2018-ல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில், கூண்டில் வளர்த்த ஆப்பிரிக்கக் கொசுக்கள் 7 முதல் 11 தலைமுறைகளுக்குள் அடியோடு மடிந்தன. ஆயினும், இம்முறையில் ஆக்கிய கொசு உலகில் எங்கும் இன்னும் திறந்த வெளியில் விடப்படவில்லை.

இதனை மூடத்தனமாக எதிர்ப்போருடன் நாம் சேரமாட்டோம். 1953-ல் தேசம் முழுதும் தொடங்கிய மலேரியா ஒழிப்பு வேலையால் 1965-ல் நோயாளிகளின் தொகை சுமார் 1 லட்சமாகக் குறைந்தது. 1976-ல் அதுவே 64 லட்சமாக ஏறிற்று. கொசு மருந்துக்குப் பழகியதும் அதிகாரிகள் அயர்ந்ததும் அதற்குக் காரணங்கள். மேலும், தெளிக்கும் விஷம் கொசுவையும் தேனீயையும் பிரித்தறியாது. தேனீ இல்லையேல் ஏலக்காய் இல்லை. ஏலக்காய் இல்லையேல் கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் விடியுமுன் ஜீப் ஏறி மலைக்குச் செல்லும் ஸ்திரீகளுக்குக் கூலி இல்லை. ஓர் இனத்தை மட்டும் தாக்கும் ஆயுதம் கிடைக்குமாயின், அதை ஆராயாமல் ஒதுக்குவது விவேகமாகாது.

ஆனால், ஆயுதத்தின் கூர்மை மட்டும் போதாது. அதைத் திரும்ப உறையிலிட முடியுமா என்பதே கேள்வி. தெளிக்கும் மருந்தை நாளையே நிறுத்தலாம். தேக்கடியில் மதகை இறக்கினால் நீர் நிற்கும். வெளியில் விட்ட கொசுவை எந்த உத்தரவு திரும்ப அழைக்கும்? குமுளிச் சாவடியில் அதற்குச் சோதனை ஏது? அணையில் 142 அடி நீருக்காக உச்ச நீதிமன்றம் வரை வழக்காடிய இரு ராஜ்யங்கள், ஒரு ராஜ்யத்தில் விட்ட பூச்சி மறு ராஜ்யத்தில் பறப்பதை எப்படிப் பொறுக்கும்?

இவ்விஷயத்தில் அநுபவமில்லாதவர்கள் அல்லர் நாம். 1970-களின் தொடக்கத்தில் உலக சுகாதார ஸ்தாபனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் டில்லியில் கொசுக்களை மலடாக்கி விடும் ஆராய்ச்சியை நடத்தின. அமெரிக்கப் பணத்தில் நடந்த அவ்வேலையின் நோக்கம் பற்றிப் பார்லிமெண்டில் சந்தேகம் கிளம்பிற்று. 1975-ல் அது முடிவுற்றது. சந்தேகம் நியாயமோ அன்றோ, ஜனங்களிடம் முன்னமே பேசாததன் பலன் அது. நம் ஜில்லாவிலேயே பொட்டிபுரம் மலையில் நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்க 2015-ல் மத்திய மந்திரிசபை அங்கீகாரம் அளித்தது. கிராமத்தார் எதிர்த்தனர், 2022-ல் மாநில சர்க்காரே உச்ச நீதிமன்றத்தில் மறுப்புத் தெரிவித்தது. டில்லியில் முத்திரை விழுந்த பிறகு கிராமத்தில் விளக்கம் சொல்லச் சென்றால் விஞ்ஞானமும் தோற்கும். ஜனங்களின் நம்பிக்கையும் தோற்கும்.

ஆகையால் நாம் கோருவது மூன்று. முதலாவது, ஆராய்ச்சி நமது சொந்த நிலையங்களில், மூடிய கூண்டுகளில் தடையின்றி நடக்கவேண்டும். டெங்குவைப் பரப்பாத கொசுவை 2022-ல் உருவாக்கியதாக அறிவித்த புதுச்சேரி நிலையம் போன்றவற்றுக்குத் தாராளமாகப் பொருளுதவி செய்யவேண்டும். இரண்டாவது, மரபணு மாற்றிய உயிர்களை ஆளும் 1989-ம் வருஷத்து விதிகள் இவ்வித்தையை நினைத்து எழுதப்பட்டவையல்ல. பூச்சிகளுக்கென 2023-ல் வந்த வழிகாட்டு நெறிகள் சட்டமாகா. நஷ்டம் நேர்ந்தால் யார் ஈடு செய்வதென்று பகிரங்கமாகச் சொல்லும் சட்டம் தேவை. மூன்றாவது, கொசுவை விடுமுன் மலையின் இருபுறத்துக் கிராம சபைகளின் சம்மதமும் பெறவேண்டும். அதற்குரிய விவரங்கள் முழுவதையும் தமிழிலும் மலையாளத்திலும் வெளியிடவேண்டும். 2010-ல் மரபணுக் கத்தரிக்காயைப் பற்றி ஊர் ஊராகச் சபை கூட்டிக் கேட்ட பின்னரே அரசாங்கம் முடிவு செய்தது. கறிகாய்க்குக் காட்டிய மரியாதையைப் பிள்ளைகளின் உயிரோடு சம்பந்தப்பட்ட விஷயத்துக்குக் காட்டக்கூடாதா?

காய்ச்சலில் கிடக்கும் குழந்தையின் தாய் புதிய மருந்தை வெறுக்கமாட்டாள். ஆனால் அது என்ன மருந்து என்று கேட்பாள். அக்கேள்விக்கு அவளது பாஷையிலேயே பதில் சொல்லத் தெரிந்தவரே அவள் வீட்டுக்குள் மருந்தோடு நுழையத் தகுதியுடையவர்.